முழங்காலும் மெய்ப்புச் சுமையும்

பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றிய வரலாற்று நூல்களில் வெடிவிபத்துகளுக்கும் கூரைச் சரிவுகளுக்கும் கரித்தூள் அடைத்த நுரையீரல்களுக்கும் இடம் தாராளமாகக் கிடைக்க, முழங்காலுக்குப் பெரும்பாலும் சில வரிகளே கிடைக்கின்றன. முழங்கால் யாரையும் கொன்றதில்லை என்பது இதற்கு ஒரு காரணம். அது கெட்டுப்போன நாள் இன்னதென்று குறிக்க முடியாததால் விசாரணைக் குழுவோ நாளேடோ அதைத் தேடி வரவில்லை என்பது மற்றொன்று. ஆனால் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் அதற்கு எதிராக முதலாளிகள் தரப்பு முன்வைத்த வாதங்களும் எவ்வாறு வளர்ந்தன என்று ஆராய்வோருக்கு முழங்காலைப் போல் பயன்படும் உறுப்பு அரிது. வேலையினாலும் தேயும், வயதினாலும் தேயும், உடலுழைப்பே இல்லாதவருக்கும் ஓரளவு தேயும் மூட்டு அது என்பதால், சட்டம் கேட்ட கேள்விகளுக்கு அதனால் ஒரே சொல்லில் விடை தர இயன்றதில்லை.

இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள டர்ஹம் போன்ற பகுதிகளில் கரிப்படுகை பல இடங்களில் மூன்றடிக்கும் குறைவான தடிமனே கொண்டிருந்தது. அத்தகைய இடத்தில் கரி வெட்டுபவர் நிமிர்ந்து நிற்பது இயலாது. ஒருக்களித்துப் படுத்தோ, இரு முழங்கால்களையும் ஈரத் தரையில் ஊன்றியோ, ஒன்றை மடக்கி மற்றொன்றை நீட்டியோ பிக்காசை வீசி, வெட்டிய கரியை மண்வாரியில் அள்ளி இடுப்பைத் திருப்பிப் பின்னால் எறிய வேண்டும். உடலின் எடையும் கரியின் எடையும் மடங்கிய மூட்டின் மேல் இறங்கும்போதே அந்த மூட்டு திருகப்படவும் செய்யும். தோலுக்கடியில் கரித்துகள் ஏறி, உராய்வினால் சிவந்து, வீங்கிச் சீழ் வைக்கும் நிலையைச் சுரங்கத்தவர் ‘பீட் நீ’ என்றனர். அது கண்ணுக்குத் தெரியும், தொட்டால் சுடும், சில வாரங்களில் ஆறியும் போகும். அதற்கும் ஆழத்தில், ஆண்டுக்கணக்கில், ஓசையின்றி நடந்த மாற்றமே மூட்டுத் தேய்வு. மருத்துவர்கள் ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்பது இதனையே. எலும்பு முனைகளைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு மெலிந்து, ஓரங்களில் எலும்பு முட்களைப் போல் வளர்ந்து, மூட்டுக்குள் நீர் கோத்து, தொடையின் முன்பக்கத் தசை சுருங்கி, படி இறங்குவதே பெரும்பாடாகும் நிலை அது.

இந்த முழங்காலுக்கு உரியவர் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நீதிமன்றம் சென்றிருந்தால் வாசலிலேயே மூன்று தடைகள் அவரை மறித்திருக்கும். முதலாவது, உடன் ஊழியர் கோட்பாடு. இறைச்சிக் கடை வைத்திருந்த ஃபௌலர் என்பவரிடம் வேலை பார்த்த பிரீஸ்ட்லி, அளவுக்கு மீறிச் சரக்கேற்றிய வண்டி முறிந்து தொடையெலும்பு உடைந்ததற்காகத் தொடுத்த வழக்கில், நடுவர் குழு 100 பவுன் வழங்கியது. 1837இல் எக்ஸ்செக்கர் நீதிமன்றத்தின் அபிங்கர் பிரபு அதை மாற்றி, இத்தகைய பொறுப்பை எசமானர் மேல் சுமத்தினால் அதற்கு எல்லையே இராது என்று தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பிலிருந்து கிளைத்ததே, ஒரு தொழிலாளியின் கவனக்குறைவால் இன்னொரு தொழிலாளிக்கு நேரும் தீங்குக்கு முதலாளி பொறுப்பல்லர் என்னும் கோட்பாடு. சுரங்கக் கூண்டை இயக்கியவரின் தவறால் ஏற்பட்ட மரணம் பற்றிய பார்ட்டன்ஷில் வழக்கில் 1858இல், உச்ச மேல்முறையீட்டு மன்றமாக அன்று விளங்கிய பிரபுக்கள் அவை இதை ஸ்காட்லாந்துக்கும் விரித்தது. 1868இல் சுரங்க மேலாளரும் தொழிலாளியின் ‘உடன் ஊழியரே’ என்று முடிவானது. கூலியைக் குறைக்கும் அதிகாரம் படைத்த ஒருவரைக் கூலிக்காரரின் கூட்டாளியாகக் கணக்கிட்ட அந்தத் தீர்ப்பைப் படிப்பவருக்கு, சட்டப் புனைவு என்ற சொல்லின் பொருள் விளக்கமின்றியே விளங்கும்.

இரண்டாவது தடை, ஆபத்தை அறிந்தே வேலையில் சேர்ந்தவர் அதற்கு இசைந்தவராகிறார் என்னும் வாதம். மூன்றாவது, காயமுற்றவரின் கவனக்குறைவு கடுகளவு கலந்திருந்தாலும் வழக்கு முழுவதும் வீழ்ந்துவிடும் என்னும் விதி. 1880இன் வேலையளிப்போர் பொறுப்புச் சட்டம் இவற்றைச் சற்றே தளர்த்தியது. ஆனால் அச்சட்டத்தின் பயனை வேண்டாமென்று தொழிலாளியிடம் முன்கூட்டியே எழுதி வாங்குவது செல்லும் என்று 1882இல், இறந்த ஒரு சுரங்கத் தொழிலாளியின் மனைவி தொடுத்த வழக்கில், முடிவு செய்யப்பட்டது. ஆபத்தை அறிந்திருப்பது வேறு, அதற்கு இசைவது வேறு என்று பிரபுக்கள் அவை சொல்வதற்கு 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அரசியல் தலைவர் ஜோசப் சேம்பர்லின் முன்னின்று நிறைவேற்றிய 1897ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இவ்வாதங்களுக்குள் புகாமல் அவற்றைச் சுற்றிச் சென்றது. தவறு யாருடையது என்ற கேள்வியையே அது கைவிட்டு, ‘வேலையிலிருந்து எழுந்து, வேலையின்போது நேர்ந்த விபத்தினால் உண்டான உடற்காயம்’ எதுவாயினும், முதல் இரண்டு வாரங்களுக்குப் பின், வாரக் கூலியில் பாதியை ஒரு பவுனுக்கு மேற்படாமல் முதலாளி தர வேண்டும் என்றது. சுரங்கம், ரயில்வே, தொழிற்சாலை, கல்குவாரி போன்ற ஆபத்தான தொழில்களுக்கு மட்டுமே அது முதலில் பொருந்தியது. 1906இன் சட்டம் அதைப் பெரும்பாலான உடலுழைப்புத் தொழில்களுக்கு விரித்தது. எதிர்வாதம் இதனால் ஓய்ந்துவிடவில்லை. தவறு பற்றிய வாதம் காரணம் பற்றிய வாதமாக உருமாறியது. இனி எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் முழுத் திறமையும் ‘விபத்து’, ‘எழுந்த’ என்னும் இரண்டு சொற்களைச் சுற்றியே செலவாயிற்று.

விபத்து என்றால் என்ன? இயந்திரத்தின் சக்கரத்தை வலிந்து திருப்பியபோது குடலிறக்கம் கண்ட ஒருவரின் வழக்கில், 1903இல், எதிர்பாராமலும் திட்டமிடாமலும் நேர்ந்த கேடு எதுவும் விபத்தே என்று விரிவான பொருள் கொள்ளப்பட்டது. 1910இன் கிளோவர் கிளேட்டன் வழக்கு இன்னும் சுவையானது. இறந்தவருக்கு இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியில் முற்றிய வீக்கம் இருந்தது. உறக்கத்திலேயே வெடித்திருக்கக்கூடிய அந்த வீக்கம், அவர் திருகுசாவியால் ஒரு மரையை இறுக்கிக் கொண்டிருந்தபோது வெடித்தது. ஏற்கெனவே நோயாளியாக இருந்தவர் என்பதே எதிர்த்தரப்பின் வாதம். மூவருக்கு இருவர் என்ற கணக்கில் பிரபுக்கள் அவை அதை ஏற்க மறுத்து, நோய்ப்பட்ட உடலும் சட்டத்தின் காப்புக்கு உரியதே என்று நிறுவியது. உள்ளே பழைய கேடு கிடந்தாலும் வேலை அதைத் தூண்டிவிட்டால் போதும் என்ற இந்தக் கொள்கை முழங்காலுக்கும் உதவியிருக்க வேண்டும். உதவவில்லை, ஏனெனில் பெருந்தமனி ஒரு நொடியில் வெடித்தது, முழங்காலோ இருபது ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. படிப்படியாக விளையும் கேடு விபத்தாகாது என்பதைப் பிரபுக்கள் அவை 1948இல், கற்பலகைக் குவாரித் தொழிலாளி ஒருவரின் நுரையீரல் நோய் பற்றிய வழக்கில், ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்தது.

படிப்படியாக வரும் நோய்களுக்கென 1906இன் சட்டம் ஓர் அட்டவணையைத் திறந்து வைத்திருந்தது. ஈயம், பாதரசம், பாஸ்பரஸ், ஆர்சனிக் ஆகியவற்றின் நச்சு, ஆந்த்ராக்ஸ், கொக்கிப்புழு நோய் என்று ஆறோடு தொடங்கிய அப்பட்டியலில் எவற்றைச் சேர்க்கலாம் என ஆராய ஹெர்பர்ட் சாமுவேல் தலைமையில் ஒரு குழு அமைந்தது. குறிப்பிட்ட தொழிலுக்கே உரியதாக, தனியொருவரிடம் காணும்போதே அது வேலையால் வந்தது என்று சொல்லக்கூடியதாக நோய் இருக்க வேண்டும் என்பது அக்குழு வகுத்த அளவுகோல். அந்த அளவுகோலின்படி 1907இல் ‘பீட் நீ’ பட்டியலில் ஏறியது. சீழ் வைத்த தோலில் கரித்துகள் தெரிந்ததால் அது சுரங்கத்துக்கே உரியது என்பதில் ஐயமில்லை. அதே காலில், அதே தோலுக்குக் கீழே இருந்த மூட்டுத் தேய்வு வெளியே நின்றது. அது துணிக்கடைக்காரருக்கும் பாதிரியாருக்கும் வரும் நோயாயிற்றே. ஆறிவிடும் புண்ணுக்குப் பணமும் ஆறாத தேய்வுக்கு வெறுங்கையும் என்ற இந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் நீடித்தது.

உடற்பயிற்சி இந்த வரலாற்றுக்குள் நுழைந்த வாசல் மருத்துவமனை மட்டுமன்று, காப்பீட்டு அலுவலகமும்கூட. ஸ்டாக்ஹோமில் மருத்துவர் குஸ்தாவ் சாண்டர் 1865இல் நிறுவிய பயிற்சி நிலையத்தில், நெம்புகோலும் எடைக்கட்டியும் பூட்டிய இயந்திரங்கள் ஒவ்வொரு மூட்டுக்கும் தனித்தனியே அமைந்திருந்தன. முழங்காலுக்கானதில் நோயாளி அமர்ந்து காலை நீட்டினால் நெம்புகோல் எதிர்த்து இழுக்கும், எடையை நகர்த்தி எதிர்ப்பைக் கூட்டலாம், குறைக்கலாம். ஜெர்மனியில் பிஸ்மார்க்கின் 1884ஆம் ஆண்டு விபத்துக் காப்பீட்டுச் சட்டப்படி, வேலை செய்யும் திறனை முற்றும் இழந்தவருக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு ஓய்வூதியமாகக் கிடைத்தது. அதை வழங்கும் பொறுப்பு முதலாளிகளின் தொழில்வாரிச் சங்கங்களைச் சேர்ந்தது. திறன் எவ்வளவு மீள்கிறதோ அவ்வளவு ஓய்வூதியம் குறையும் என்பதால், சாண்டர் வகை இயந்திரங்கள் நிறைந்த நிலையங்களுக்குக் காயமுற்றோரை அனுப்பி வைப்பதில் அச்சங்கங்கள் பேரார்வம் காட்டின. தொழிலாளர் அந்நிலையங்களுக்கு இட்ட பெயர் ‘ரென்டன்க்வெட்ஷ’: ஓய்வூதியத்தைப் பிழிந்தெடுக்கும் ஆலை. கேலியாகத் தோன்றினாலும் அது துல்லியமான பொருளாதாரக் கணிப்பு. அங்கே கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று எழுதப்பட்ட எண்ணே பிறகு பணமாக மாற்றிக் கணக்கிடப்பட்டது.

பயிற்சியின் நோக்கம் சிக்கனம் என்பதால் பயிற்சி பொய்யாகிவிடாது என்பதும் உண்மையே. வியன்னாவில் லோரென்ஸ் போலர் 1925இல் விபத்து மருத்துவமனை ஒன்றைத் தொடங்க முடிந்ததற்கு, முறையான எலும்புமுறிவுச் சிகிச்சை ஓய்வூதியச் செலவைக் குறைக்கும் என்று தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தை அவர் இணங்க வைத்ததே காரணம். மாவுக்கட்டுக்குள் இருக்கும் எலும்பு அசையாதிருக்க, கட்டுக்கு வெளியே உள்ள மூட்டுகள் அனைத்தும் முதல் நாளிலிருந்தே அசைய வேண்டும் என்பது அவருடைய விதி. லிவர்பூலின் ஹ்யூ ஓவன் தாமஸ் போன்ற 19ஆம் நூற்றாண்டு மூட்டு மருத்துவர்கள் நீண்ட, இடையறாத ஓய்வையே மருந்தாகப் போற்றியதை எண்ணிப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய திருப்பம் என்பது புரியும். இங்கிலாந்தில் மான்ஸ்ஃபீல்டு அருகே பெர்ரி ஹில் ஹால் என்ற மாளிகையில் சுரங்கத் தொழிலாளருக்கான மறுவாழ்வு மையம் 1939இல் தொடங்கியது. அதை அமைத்தது, இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சந்திப்பதற்கென்றே மிட்லேண்ட்ஸ் வட்டாரச் சுரங்க முதலாளிகள் கூடி உருவாக்கிய பரஸ்பர ஈட்டுறுதி நிறுவனம். அங்கு எலும்பு மருத்துவர் நிகோல் நடத்திய முறையில், தொழிலாளர் தங்கியிருந்து பகற்பொழுதைப் பயிற்சியிலும் விளையாட்டிலும் செலவிட்டனர். தெற்கு வேல்ஸின் டாலிகார்ன் மாளிகையில் 1943இல் இத்தகைய மற்றொரு மையம் வந்தது.

இம்மையங்களில் முழங்காலுக்கான பயிற்சி தொடையின் முன்பக்கத் தசையிலிருந்து தொடங்கும். மூட்டு வீங்கியதும் முதலில் மெலிவது அந்தத் தசை. அது மெலிந்தால் மூட்டைத் தாங்கும் வார் தளர்ந்து, ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் நேரே எலும்பில் இறங்கும். நோயாளி மல்லாந்து படுத்து, முழங்காலுக்கடியில் சுருட்டி வைத்த துணியை அமுக்குவதுபோல் தொடையை இறுக்கி, சில நொடிகள் நிறுத்தித் தளர்த்துவார். வலி அடங்கியதும் நீட்டிய காலை உயர்த்துவார். அதன்பின் எடை கட்டுவார். எடையை எப்படி ஏற்றுவது என்பதற்கு ஒழுங்கான கணக்கை 1945இல் வெளியிட்டவர் சிகாகோவின் ராணுவ மருத்துவமனையில் பணியாற்றிய தாமஸ் டிலோர்ம்: இரும்புக் காலணியில் எடை பூட்டி, பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற அளவைக் கண்டறிந்து, வாரந்தோறும் அதைக் கூட்டிச் செல்வது அவர் முறை. முன்னேற்றத்தை அளக்க இயன்முறை மருத்துவர் தொடையைச் சுற்றி நாடா வைத்தார். கோரிக்கையை எதிர்க்கும் முதலாளியின் மருத்துவரும் அதே இடத்தில் அதே நாடாவைத்தான் வைத்தார். இரு தொடைகளும் சமம் என்றால், வலிப்பதாகச் சொல்லப்படும் காலும் நன்றாகவே பயன்பட்டு வருகிறது என்று அவர் எழுதுவார்.

இந்த இரட்டைப் பயன்பாடு இந்தியச் சட்டத்தில் வெளிப்படையாகவே எழுதப்பட்டது. பிரிட்டிஷ் முன்மாதிரியைத் தழுவி இயற்றப்பட்டு 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புச் சாதனத்தை அறிந்தே அகற்றுதல் என்னும் மூன்று எதிர்வாதங்களை முதலாளிக்கு அளித்தது மட்டுமன்றி, 11ஆம் பிரிவில் மருத்துவச் சோதனையையும் வகுத்தது. விபத்து பற்றிய அறிவிப்பு கிடைத்த மூன்று நாளுக்குள் முதலாளி தம் செலவில் சோதனைக்கு ஏற்பாடு செய்தால் தொழிலாளி உட்பட வேண்டியிருந்தது. மறுத்தால் உரிமை நிறுத்தி வைக்கப்பட்டது. சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் அறிவுரையை நியாயமின்றி வேண்டுமென்றே பின்பற்றாததால் காயம் மோசமாயிற்று என மெய்ப்பிக்கப்பட்டால், முறையாகச் சிகிச்சை பெற்றிருந்தால் எவ்வளவு காயம் எஞ்சியிருக்குமோ அவ்வளவுக்கே இழப்பீடு கணக்கிடப்பட்டது. வீட்டில் நாள்தோறும் காலை நீட்டி மடக்கச் சொல்லப்பட்டதும் இத்தகைய அறிவுரையே என்று வாதிடுவதற்கு இப்பிரிவு இடம் தந்தது. செய்யாமல் விட்ட பயிற்சி அவ்வாறு ஓர் எதிர்வாதமாக உருவெடுக்கக் கூடியதாயிற்று. உடன் ஊழியர் கோட்பாட்டை இந்தியா 1938இல் தனிச் சட்டம் இயற்றி ஒடுக்கியது. பிரிட்டன் அதை முற்றும் ஒழித்தது 1948இல். முழங்கால் மூட்டுத் தேய்வு மட்டும் இந்தியச் சட்டத்தின் தொழில்நோய் அட்டவணையில் இடம்பெறவில்லை.

பிரிட்டனில் 1948 ஜூலை 5 முதல் முதலாளியின் இடத்தில் அரசே நின்று தொழிற்காயப் பயன்களை வழங்கத் தொடங்கியபின், கூலிக்காரரும் காப்பீட்டுக்காரரும் மோதும் களம் சுருங்கியது. அட்டவணை முறை மட்டும் தொடர்ந்தது. மருத்துவ ஆய்வாளர்கள் ஜோனாஸ் கெல்கிரெனும் ஜான் லாரன்சும் 1952இல் சுரங்கத் தொழிலாளரின் மூட்டுகளை எக்ஸ்ரே எடுத்து, அலுவலகத்தில் பணிபுரிவோரின் மூட்டுகளோடு ஒப்பிட்டு, சுரங்கத்தவரின் முழங்கால்களில் தேய்வு மிகுதி என்று காட்டினர். எக்ஸ்ரே படத்தைக் கொண்டு தேய்வை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கும் முறையை 1957இல் அவர்களே வகுத்தனர். உலகெங்கும் மருத்துவச் சான்றிதழ்களில் இன்றும் எழுதப்படும் எண் அதுவே. எண் கிடைத்ததால் வாதம் முடிந்ததா என்றால், அதுவும் இல்லை. படத்தில் கடுந்தேய்வு காட்டும் முழங்கால் வலியின்றி நடப்பதும், ஏறக்குறையத் தெளிவான படம் கொண்டவர் படியேற முடியாமல் தவிப்பதும் வழக்கமாகக் காணப்படுவதால், இரு தரப்பும் ஒரே படத்தை மேசையில் வைத்தே வாதிட முடிந்தது.

மூட்டுத் தேய்வு பொதுமக்களிடமும் பரவலாக உள்ள நோய் என்ற பழைய தடையைக் கடக்க, அரசின் தொழிற்காய ஆலோசனைக் குழு கையாண்டது நிகழ்தகவுக் கணக்கு: ஒரு தொழில் ஒரு நோயின் வாய்ப்பை இரு மடங்குக்கு மேல் உயர்த்துமானால், அத்தொழில் செய்தவருக்கு வந்த நோய் அதனால்தான் வந்தது என்பதற்கே சாத்தியம் அதிகம். சாமுவேல் குழு தனியொருவரின் உடலில் தேடிய அடையாளத்தை இவர்கள் பெருந்தொகையினரின் புள்ளிவிவரத்தில் தேடினர். அதன்படி 2009இல் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் மூட்டுத் தேய்வு பட்டியலில் ஏறியது; 1986க்கு முன் நிலத்தடியிலோ, அதன்பின் இயந்திரமயமாகாத கரிமுகப்பு போன்ற குறிப்பிட்ட பணிகளிலோ மொத்தம் பத்தாண்டுகளாவது வேலை செய்திருப்பது நிபந்தனை. கெல்கிரென்–லாரன்ஸ் ஆய்வுக்கும் இதற்கும் இடையே 57 ஆண்டுகள் கழிந்திருந்தன. அரசின் பயன்தொகை ஒருபுறமிருக்க, முழங்கால் கேட்டுக்கு நட்டஈடு கோரி முன்னாள் சுரங்கத்தவர் தொடுத்த கூட்டு வழக்கில் வென்றது மருத்துவ வாதம் அன்று, நாட்காட்டி: கேடு தம் வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் வழக்கிட வேண்டும் என்ற கால வரம்பைக் காட்டி முன்மாதிரி வழக்குகள் தள்ளப்பட, 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அம்முடிவை உறுதி செய்தது. தொடங்கிய நாள் தெரியாததால் விபத்தாகாது என்று ஒரு நூற்றாண்டாக ஒதுக்கப்பட்ட நோய்க்கு, காலங்கடந்தது என்று சொல்வதற்கு மட்டும் ஒரு நாள் குறிக்க முடிந்தது.

இதே காலத்தில் உடற்பயிற்சி காப்பீட்டுக்காரரின் நிழலிலிருந்து வெளியே வந்தது. அமெரிக்காவில் 60 வயதுக்கு மேற்பட்ட 439 பேரிடம் நடத்தி 1997இல் வெளியான ஆய்வு, நடைப்பயிற்சியும் எடைப்பயிற்சியும் பதினெட்டு மாத முடிவில் வலியையும் முடக்கத்தையும் மிதமான அளவில் குறைத்ததைக் காட்டியது. 54 ஆய்வுகளைத் திரட்டிய 2015இன் காக்ரேன் மதிப்பாய்வும் அதே திசையில் முடிவுரைத்தது. ‘மிதமான அளவு’ என்பதை அடிக்கோடிட வேண்டும்: பயிற்சி தேய்ந்த குருத்தெலும்பை மீட்டுத் தருவதில்லை, விட்டால் பலனும் விட்டுப்போகும். ரத்தக் குழாய் இல்லாத குருத்தெலும்பு, மூட்டு அமுங்கித் தளரும்போது உள்ளே புகும் நீரினால் ஊட்டம் பெறுவதால், அளவான சுமை அதற்கு உணவாகவும் அமைகிறது. மண்வாரியோடு மண்டியிட்ட சுரங்கத்தவருக்கு அளவை நிர்ணயிக்கும் உரிமை இருந்ததில்லை என்பதே இரு சுமைகளுக்கும் உள்ள வேறுபாடு. பிரிட்டனின் 2022ஆம் ஆண்டு மருத்துவ வழிகாட்டி எல்லா மூட்டுத் தேய்வு நோயாளிகளுக்கும் பயிற்சியை முன்வைப்பதோடு, 45 வயதைத் தாண்டியவரிடம் வழக்கமான அறிகுறிகள் இருந்தால் நோயை உறுதி செய்ய எக்ஸ்ரே தேவையில்லை என்றும் கூறுகிறது.

பிரிட்டனின் கடைசி ஆழ்நிலக்கரிச் சுரங்கமான கெல்லிங்லி 2015 டிசம்பரில் மூடப்பட்டது. பட்டியலில் முழங்கால் மூட்டுத் தேய்வுக்குரிய வரியில் சுரங்கத்தவருக்கு அடுத்து, 2010இல் சேர்க்கப்பட்டவர்கள் தரைவிரிப்பு பதிப்போர். கம்பளத்தைச் சுவரோரம் இழுத்துப் பிடிக்க, பற்கள் பொருத்திய ஒரு முனையைக் கம்பளத்தில் ஊன்றி, திண்டு வைத்த மறுமுனையை முழங்காலுக்குச் சற்று மேலே காலால் ஓங்கி இடிப்பது அவர்கள் தொழில்முறை. அவர்களுக்கு விதிக்கப்பட்டுள்ள நிபந்தனை மொத்தம் இருபது ஆண்டு வேலை.